ஒரே நெல், ஒரே முடிவு: பன்னாட்டு விதிப்படி விதைப் பரிசோதனை செய்வது எப்படி?

ஒரே நெல் குவியலுக்கு ஓர் ஆய்வகம் 86 என்றும் இன்னொன்று 74 என்றும் முளைப்புத்திறன் கொடுத்தால், விதை வாங்குபவர் முதலில் கேட்பது "இதில் எது பொய்?" என்றுதான். பெரும்பாலும் இரண்டுமே பொய்யாக இருக்காது. இரண்டு பேரும் வேறு வேறு விதைகளை, வேறு வேறு விதமாகச் சோதித்திருப்பார்கள்.

பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் (இஸ்டா) விதிகள் அதைத் தடுக்கத்தான் இருக்கின்றன. யார், எந்த ஊரில் செய்தாலும் ஒரே எண் வர வேண்டும். அதனால் இந்த வேலையில் பெரிய எதிரி சோம்பேறித்தனம் அல்ல, கெட்டிக்காரத்தனம்தான். "இப்படிச் செய்தால் இன்னும் நல்லா வருமே" என்று ஒருவர் நினைத்த இடத்தில் பொதுத்தன்மை போய்விடும்.

நெல்லை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை பார்க்கலாம்.

## 1. எந்த விதி, எந்தத் தரம் என்று முதலில் தெளிவாகுங்கள்

புதியவர்கள் குழம்பும் முதல் இடம் இதுதான். இஸ்டா விதி அளக்கும் முறையை மட்டும் சொல்கிறது. தேர்ச்சியா, தோல்வியா என்று அது சொல்லாது. நம் நாட்டில் அதைச் சொல்வது குறைந்தபட்ச விதைச் சான்றளிப்புத் தரம். நெல்லுக்குப் புறத்தூய்மை (எடையில் தூய விதையின் பங்கு) குறைந்தது 98 சதம், தூசி முதலிய உயிரற்ற பொருள் அதிகபட்சம் 2 சதம், முளைப்புத்திறன் குறைந்தது 80 சதம், சாதாரணப் பையில் ஈரப்பதம் அதிகபட்சம் 13 சதம். ஆவி புகாத பை என்றால் ஈரப்பதம் 8 சதத்தைத் தாண்டக்கூடாது.

அளவுகளும் வேறுபடும். இஸ்டா விதிப்படி நெல் குவியல் 30,000 கிலோ வரை இருக்கலாம். ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரி 700 கிராம், அதிலிருந்து தூய்மைச் சோதனைக்கென்று பிரித்தெடுக்கும் பணி மாதிரி 70 கிராம். இந்திய முறையில் இவை முறையே 20,000 கிலோ, 400 கிராம், 40 கிராம். ஏற்றுமதிக்குப் போகும் குவியலுக்கு 400 கிராம் எடுத்து வந்துவிட்டு "இஸ்டா சான்று வேண்டும்" என்று கேட்டால், மறுபடி கிடங்குக்குப் போவதைத் தவிர வழியில்லை. குத்தூசியை (மூட்டையில் குத்தி நெல் எடுக்கும் குழாயை) கையில் எடுக்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

இஸ்டா விதிகள் ஒவ்வொரு ஆண்டும் திருத்தப்படுகின்றன. ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணையை நம்பாதீர்கள். அந்த ஆண்டுப் பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

## 2. வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் ஈரப்பதம், அப்புறம் புறத்தூய்மை, அதற்குப் பிறகு முளைப்பு. ஈரப்பதம் காத்திருக்காது. மாதிரியைத் திறந்த நிமிடத்திலிருந்து அது அறைக் காற்றோடு கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிடும். முளைப்புக்கு வேண்டிய விதை தூய்மைச் சோதனையில் பிரித்த தூய விதையிலிருந்துதான் வர வேண்டும். எனவே முளைப்பை முன்னால் கொண்டுவர முடியாது.

கைவசம் இருக்க வேண்டியவை: அளவீடு சரிபார்த்த தராசு, ஓவன், மாவரைக்கும் இயந்திரம், டெசிகேட்டர் (ஈரம் ஏறாமல் ஆறவைக்கும் மூடிய பாத்திரம்), மாதிரிப் பகுப்பான் (மாதிரியைச் சரிபாதியாகப் பிரிக்கும் கருவி), தூய்மைப் பலகை, இடுக்கி, முளைப்புத் தாள், வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் 2 டிகிரிக்குள் நிற்கும் முளைப்புப் பெட்டி.

## 3. குவியலிலிருந்து மாதிரி எடுப்பது

ஆய்வகத்தில் எவ்வளவு துல்லியமாக உழைத்தாலும், மாதிரி தவறாக இருந்தால் அந்த உழைப்பு முழுவதும் வீண். தவறான மாதிரிக்குச் சரியான விடை கண்டுபிடித்த கதையாகிவிடும்.

முதலில் குவியலைப் பாருங்கள். எல்லா மூட்டையிலும் ஒரே குவியல் எண் இருக்கிறதா? எல்லாம் ஒரே மாதிரி சுத்தம் செய்து, கலந்து, கட்டிய மூட்டைகளா? ஒரு பக்க அடுக்கில் பதர் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் மாதிரி எடுக்காமல் திரும்பிவிடுங்கள். சீராக இல்லாத குவியலுக்குச் சராசரி எண் கொடுத்தால் அது எந்த மூட்டைக்கும் பொருந்தாது.

15 முதல் 100 கிலோ வரை கொள்ளும் மூட்டைகளுக்கு இஸ்டா கணக்கு இது:

- 1 முதல் 4 மூட்டை: ஒவ்வொன்றிலும் 3 முறை
- 5 முதல் 8: ஒவ்வொன்றிலும் 2 முறை
- 9 முதல் 15: ஒவ்வொன்றிலும் 1 முறை
- 16 முதல் 30: மொத்தம் 15 முறை
- 31 முதல் 59: மொத்தம் 20 முறை
- 60-ம் அதற்கு மேலும்: மொத்தம் 30 முறை

30 கிலோ மூட்டை 200 இருக்கிறது என்றால், 30 மூட்டைகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு முறை குத்த வேண்டும். அந்த 30-ம் அடுக்கின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வர வேண்டும். கைக்கு எட்டும் முன்வரிசையிலேயே முப்பதையும் முடித்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. உள்ளே இருக்கும் மூட்டையை இறக்கச் சொன்னால் கிடங்கில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அடுக்கைப் பிரிக்க முடியாது என்றால் மாதிரியும் எடுக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

குத்தும் இடத்தையும் மாற்றுங்கள்: ஒரு மூட்டையில் மேல்பாகம், அடுத்ததில் நடு, அடுத்ததில் அடி. லாரியில் குலுங்கி வந்த மூட்டையில் கனமான மணி கீழே இறங்கி, பதரும் தூசும் மேலே வந்திருக்கும். நோபே குத்தூசியைத் துளை கீழ்நோக்கி இருக்க, சற்றே மேல்நோக்கிய சாய்வில் நுழைத்து, மூட்டையின் நடுவை எட்டியதும் துளையை மேலே திருப்பி, மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். துளை மேலே பார்க்கும்படி நுழைத்தால் ஓரத்து நெல்லிலேயே குழாய் நிரம்பிவிடும்.

ஒவ்வொரு குத்திலும் வந்த நெல்லைத் தனித்தனியாகப் பரப்பிப் பார்த்து, சீராக இருந்தால் மட்டும் ஒன்றாகச் சேருங்கள். ஈரப்பதத்துக்கான 100 கிராமைக் காற்றுப் புகாத பையில் தனியாக அடையுங்கள். மீதியைத் துணிப்பையில் முத்திரையிட்டு அனுப்பலாம்.

ஓர் ஐப்பசி மழையில் இந்தத் தனிப் பையை மறந்து, எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கொடுத்தவன் நான். நன்றாகக் காய்ந்திருந்த குவியல் ஈரப்பதத்தில் தோற்றது. தோற்றது நெல் அல்ல, என் பை.

## 4. பணி மாதிரியைப் பிரிப்பது

வந்த மாதிரியைப் பதிவு செய்து எண் கொடுத்தபின் பகுப்பானில் போடுங்கள். பிரிப்பதற்கு முன் முழு மாதிரியையும் பகுப்பானில் விட்டு, இரு பாதியையும் சேர்த்து மறுபடி விடுவதாக, மூன்று முறை கலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாதி பாதியாகக் குறைக்க வேண்டும்.

70 கிராம் வேண்டிய இடத்தில் 66 கிராம் வந்துவிட்டால், பையிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டு நிறைக்காதீர்கள். அதிகமாக வந்தால் கொஞ்சம் எடுத்து வீசாதீர்கள். கை எப்போதும் மேலே கிடப்பதைத்தான் அள்ளும், மேலே கிடப்பது எப்போதும் லேசானது. எடை குறைந்தால் மீதியைத் திரும்பக் கலந்து பகுப்பானிலேயே மறுபடி பிரியுங்கள். கொஞ்சம் கூடுதலாக வந்தால் அதையே பணி மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். கணக்கு சதவீதத்தில்தான் வரப்போகிறது.

## 5. ஈரப்பதம்

நெல்லை அரைத்துத்தான் சோதிக்க வேண்டும். குறைந்தது பாதி மாவு 0.50 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும், 1.00 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதத்துக்கு மேல் நிற்கக்கூடாது. ஈரப்பதம் 13 சதத்துக்கு மேல் இருந்தால் முன்னுலர்த்தல் செய்துவிட்டு அரைக்க வேண்டும், இல்லையென்றால் அரைக்கும் சூட்டிலேயே நீர் போய்விடும்.

ஓவன் வெப்பம் 130 முதல் 133 டிகிரி, நேரம் 2 மணி. ஓவன் கதவைத் திறந்து தட்டுகளை வைத்ததும் வெப்பம் இறங்கும். அது மறுபடி 130-ஐத் தொட்ட பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். வைத்த நிமிடத்திலிருந்தே எண்ணினால் முடிவு குறைவாக வரும்.

மூன்று தசம இடம் வரை எடை. ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். வெறும் தட்டு 21.436 கிராம், மாவோடு 26.012, உலர்ந்தபின் 25.468. இழந்த நீர் 0.544, எடுத்த மாவு 4.576. ஈரப்பதம் 11.89 சதம். இரண்டாவது தட்டில் 12.07 வந்தது. வித்தியாசம் 0.18. இது 0.2-க்குள் இருப்பதால் சராசரி எடுத்து 12.0 என்று எழுதலாம். 0.2-ஐத் தாண்டியிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். "முதல் தட்டுதான் சரியாப் படுது" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

உலர்ந்த தட்டை மூடியோடு டெசிகேட்டரில் ஆறவைத்து எடை போடுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறிப்போயிருந்தால் அந்த டெசிகேட்டர் வெறும் கண்ணாடிப் பாத்திரம்தான்.

## 6. புறத்தூய்மை

பணி மாதிரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தூய விதை, பிற விதைகள், உயிரற்ற பொருள்.

வயலில் பழகிய கண் இங்கே ஏமாற்றும். விவசாயக் குடும்பத்திலிருந்து வருபவர்கள் கருக்காயை (மணி சரியாக நிரம்பாத நெல்லை) பார்த்ததும் தூசிப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அது தவறு. சுருங்கியது, முதிராதது, நோய் பட்டது, ஏற்கெனவே முளைவிட்டது என எதுவாக இருந்தாலும், உள்ளே மணி இருந்து அது நெல்தான் என்று அடையாளம் தெரிந்தால் தூய விதைதான். அது முளைக்குமா என்ற கேள்விக்கு முளைப்புச் சோதனை பதில் சொல்லும். இங்கேயே தள்ளிவிட்டால் ஒரு குறையை மறைத்து முளைப்பு எண்ணை உயர்த்தியதாக ஆகும்.

பதர் வேறு. உள்ளே மணியே இல்லை, எனவே அது உயிரற்ற பொருள். கருக்காயா பதரா என்று சந்தேகம் வந்தால் ஒளிப்பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். உடைந்த மணி பாதிக்கு மேல் இருந்தால் தூய விதை. பாதியோ அதற்குக் குறைவோ இருந்தால் உயிரற்ற பொருள். நெற்பழமாக உருண்டுபோன மணி, ஊரில் லட்சுமி நோய் என்று கும்பிட்டாலும், இங்கே உயிரற்ற பொருள்தான்.

உமி நீங்கிய முழு அரிசியில் இரு முறைகளும் பிரியும். இஸ்டா வரையறையில் அது தூய விதையே. இந்தியச் சான்றளிப்புத் தரத்தில் அதற்குத் தனியாக 2 சதம் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதனால் தனியே எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு: தொடக்க எடை 70.42 கிராம். பிரித்தபின் தூய விதை 69.31, பிற விதை 0.03, உயிரற்றது 0.98, கூட்டினால் 70.32. குறைந்தது 0.10 கிராம்தான். இந்த வித்தியாசம் தொடக்க எடையில் 5 சதத்தைத் தாண்டினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். சதவீதத்தை 70.42-ஆல் வகுத்துப் போடாதீர்கள், 70.32-ஆல் வகுக்க வேண்டும். தூய விதை 98.6, உயிரற்றது 1.4. பிற விதை 0.04 சதம், அதாவது 0.05-க்குக் கீழே. எனவே எண் எழுதாமல் "மிகச் சிறிதளவு" என்று குறிக்க வேண்டும். வெற்றிடமாக விட்டால் இல்லவே இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

## 7. பிற விதைகளை எண்ணிக்கையில் தேடுவது

இதற்குப் பணி மாதிரி போதாது, முழு 700 கிராமையும் (இந்திய முறையில் 400) பார்க்க வேண்டும். சான்று விதையில் பிற பயிர் விதை கிலோவுக்கு 20, சான்று விதையைப் பெருக்க உதவும் முந்தைய நிலையான ஆதார விதையில் 10 என்பது இந்திய வரம்பு. காட்டு நெல் போன்ற தீங்கான களை விதைக்கு வரம்பு இன்னும் இறுக்கம்: சான்று விதையில் 5, ஆதார விதையில் 2. இத்தனை அரிதானதை 70 கிராமில் தேடினால் கண்ணில் படாமலே போய்விடும்.

## 8. முளைப்பு: விதை வைப்பது

தூய விதையை நன்றாகக் கலந்து, பார்க்காமல் 400 எண்ணுங்கள். நூறு நூறாக நான்கு பிரிவு.

"பார்க்காமல்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இடுக்கியால் ஒவ்வொரு நெல்லாக எடுத்து மிக அழகாக அடுக்கிக்கொண்டிருந்தார். மேசையில் மிச்சம் கிடந்ததைப் பார்த்தேன். எல்லாம் கருக்காய். "ஏம்மா, இதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்றதற்கு, "அது முளைக்காதுங்க சார்" என்றார். முளைக்காது என்பது அவருக்குத் தெரியும். அறிக்கைக்குத் தெரிய வேண்டாமா? குவியலின் ஓரத்திலிருந்து வரிசையாக, கைக்கு வந்தபடி எண்ணினால் இந்தச் சிக்கலே வராது.

நெல்லுக்குத் தாள்மேல், தாள்களுக்கிடையே, மணல் என மூன்று ஊடகமும் ஏற்கப்பட்டவை. வெப்பம் 25 டிகிரி நிலையாகவோ, 20-க்கும் 30-க்கும் மாறி மாறியோ வைக்கலாம். மாறும் முறையில் 20-ல் 16 மணி நேரம், 30-ல் 8 மணி நேரம். எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதை அறிக்கையில் எழுதுங்கள்.

தாளை நனைத்துப் பிழிந்து, விரலால் அழுத்திப் பாருங்கள். விரலைச் சுற்றி நீர் தேங்கினால் அதிகம். நீர் கூடினால் காற்று போகாமல் விதை அழுகும், பழி விதையின் மேல் விழும். விதைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு, தாளைச் சுருட்டி, பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மாதிரி எண், பிரிவு எண், தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து, ஐந்தாம் நாள் யார் பிள்ளை எது என்று தெரியாமல் நிற்க நேரும்.

புது அறுவடை நெல் என்றால் விதை உறக்கத்தை (உயிர் இருந்தும் முளைக்காமல் கிடப்பதை) முதலிலேயே யோசியுங்கள். 50 டிகிரியில் முன்சூடு, நீரில் ஊறவைத்தல், நைட்ரிக் அமிலக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்தல் ஆகியவை ஏற்கப்பட்ட வழிகள். எதைச் செய்தாலும் அறிக்கையில் குறிக்க வேண்டும்.

## 9. எண்ணுவது, மதிப்பிடுவது

முதல் எண்ணிக்கை 5-ம் நாள், கடைசி 14-ம் நாள். முதல் எண்ணிக்கையில் தெளிவாக வளர்ந்த இயல்பான நாற்றுகளை எடுத்துவிடுங்கள், சந்தேகத்துக்குரியதைக் கடைசி வரை விட்டுவையுங்கள். அவசரப்பட்டு "இயல்பற்றது" என்று எடுத்து எறிந்த நாற்று, இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால் நன்றாக வந்திருக்கக்கூடும்.

வேர் எட்டிப் பார்த்தாலே முளைத்துவிட்டது என்று வீட்டில் சொல்வோம். இங்கே அப்படியில்லை. வேர், தண்டு, இலை என முக்கிய உறுப்புகள் வளர்ந்து, நல்ல மண்ணில் செடியாகும் தகுதி தெரிந்தால்தான் இயல்பான நாற்று. பச்சையமே இல்லாமல் வெளுத்த நாற்று எவ்வளவு உயரமாக இருந்தாலும் இயல்பற்றதுதான்.

பூஞ்சணம் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்து விதையிலிருந்து பரவி நாற்று அழுகியிருந்தால், உறுப்புகள் எல்லாம் இருந்தன என்று தெரிகிற வரை அது இயல்பானதே. நோய் அந்த விதைக்குள்ளிருந்தே வந்திருந்தால் இயல்பற்றது.

14-ம் நாளில் முளைக்காமல் மிச்சம் இருப்பதை இடுக்கியால் அழுத்துங்கள். கொழகொழவென்று நசுங்கினால் செத்த விதை. நீரை உறிஞ்சி, கெட்டியாக, சுத்தமாக இருந்தால் உயிருள்ள முளைக்காத விதை. இது 5 சதமோ அதற்கு மேலோ இருந்தால், டெட்ரசோலியம் சோதனையிலோ (உயிருள்ள திசுவைச் சிவப்பாகக் காட்டும் சோதனை) அறுத்துப் பார்த்தோ உறுதி செய்ய வேண்டும். உறங்கும் விதையைச் செத்தது என்று எழுதி நல்ல குவியலைத் தள்ளுபடி செய்வது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

## 10. பொறுத்துக்கொள்ளும் வரம்பு

புதியவர்கள் முற்றிலும் விட்டுவிடும் படி இது. நான்கு பிரிவையும் கூட்டி நான்கால் வகுத்ததும் வேலை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறார்கள்.

இரண்டு மாதிரிகளைப் பாருங்கள்.

முதலாவது: 88, 84, 79, 93. சராசரி 86.
இரண்டாவது: 91, 90, 74, 89. சராசரி 86.

சராசரி ஒன்றுதான். முதலாவதில் பெரியதற்கும் சிறியதற்கும் இடையே 14, இரண்டாவதில் 17. சராசரி 84 முதல் 86 வரை இருக்கும்போது இஸ்டா அட்டவணை அனுமதிக்கும் அதிகபட்சம் 14. எனவே முதலாவதை எழுதலாம், இரண்டாவதை எழுத முடியாது. அந்த 74 தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒரு தாள் காய்ந்திருக்கலாம், பெட்டியின் ஓர் ஓரம் சூடாக இருக்கலாம், நூறை யாரோ தப்பாக எண்ணியிருக்கலாம். காரணத்தைத் தேடுங்கள், சோதனையை மறுபடி வையுங்கள்.

74-ஐ மட்டும் அடித்துவிட்டு மற்ற மூன்றுக்கும் சராசரி எடுப்பது மோசடி. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அதுதான் பெயர்.

மறுசோதனையில் 89 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 86-க்கும் 89-க்கும் நடு 87.5, அதாவது 88. இரண்டு 400-விதைச் சோதனைகளின் சராசரி 85 முதல் 90 வரை இருந்தால் 5 வரை வித்தியாசம் ஏற்கப்படும். இங்கே 3தான். எனவே இரண்டின் சராசரியான 88-ஐ எழுதலாம். வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் மூன்றாவது சோதனை.

முளைப்பு முடிவு எப்போதும் முழு எண். தசமம் போட்டு 87.5 என்று எழுதினால் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். இயல்பானவை, இயல்பற்றவை, கடினமானவை (கடைசி வரை நீரை உறிஞ்சாதவை), உயிருள்ள முளைக்காதவை, செத்தவை எல்லாம் கூட்டினால் 100 வர வேண்டும்.

## 11. அறிக்கை

இஸ்டா சான்றில் நிறத்தைக் கவனியுங்கள். ஆரஞ்சு, முத்திரையிட்ட குவியலுக்கானது; மாதிரி எடுத்ததே விதிப்படி நடந்தது என்ற உறுதியும் அதில் அடங்கும். நீலம், வந்து சேர்ந்த மாதிரிக்கு மட்டும். நீங்களே அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்த நெல்லுக்கு நீலம்தான் கிடைக்கும், அதை வைத்துக் குவியலைப் பற்றி எதுவும் பேச முடியாது. அந்தச் சான்றுகளை வழங்க ஆய்வகத்துக்கு இஸ்டா அங்கீகாரமும் வேண்டும்.

நம் ஊர் விதை மூட்டையில் சான்று விதைக்குக் கட்டும் நீல அட்டைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிறம் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

சோதிக்காத பண்புக்கான கட்டத்தைக் காலியாக விடாமல் "சோதிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். மீதி மாதிரியைச் சான்று வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு, குளிர்ச்சியான காய்ந்த இடத்தில், முத்திரையோடு வைத்திருங்கள். எட்டு மாதம் கழித்து யாராவது வேறொரு அறிக்கையை நீட்டிக்கொண்டு வந்தால், எடுத்துக் காட்ட உங்களிடம் இருப்பது அந்தப் பை மட்டும்தான்.